புகையை வாசலுக்கு அனுப்பினால் கல்லாவில் என்ன ஆகும்?

புகைக்கத் தடை வந்தால் வியாபாரம் படுத்துவிடுமா என்பது பழைய சண்டை. எண் சீட்டு ஆடும் பிங்கோ மண்டபம் எப்படிச் சம்பாதிக்கிறது என்று தெரிந்துகொண்டால், இந்த விவகாரத்தில் பாதி புரிந்துவிடும்.

மேடையில் ஒருவர் எண்களை வாசிக்கிறார். கீழே கூட்டம் தலை நிமிராமல் சீட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறது. பார்த்தால் இந்தப் பெரிய ஆட்டம்தான் தொழில் என்று தோன்றும். ஆனால் சீட்டு விற்ற பணத்தில் பெரும்பகுதி பரிசாகத் திரும்பிப் போய்விடுகிறது. மண்டபக்காரருக்கு நல்ல லாபம் தருவது இடைவேளை. மேசையிலேயே பதித்திருக்கும் பலகையில் காசு போட்டு ஆடும் குட்டி ஆட்டங்கள், சுவரோரம் கண்சிமிட்டும் காசு இயந்திரங்கள், கவுண்டரில் பீர், தின்பண்டம். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கல்லா நிறையும்.

2007 ஜூலை 1 அன்று இங்கிலாந்தில் கூரைக்குள் புகைக்கத் தடை வந்தது. ஸ்காட்லாந்தில் அதற்கு முந்தைய ஆண்டே, 2006 மார்ச் 26 அன்று, வந்துவிட்டது. பிங்கோ ஆடுபவர்களில் புகைப்பவர்கள் எப்போதுமே ஊர்ச் சராசரியைவிட அதிகம். தடைக்குப் பிறகும் அவர்கள் வந்தார்கள், சீட்டும் வாங்கினார்கள். இடைவேளை வந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். திரும்பி வரும்போது மேடையில் அடுத்த ஆட்டம் தொடங்கியிருக்கும். இயந்திரங்கள் ஆளில்லாமல் கண்சிமிட்டிக்கொண்டிருந்தன.

கூட்டம் அதிகம் குறையவில்லை, வருமானம் குறைந்தது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கவனிக்காமல்தான் பல ஆண்டுகள் இந்த விவாதம் ஓடியது. ஒரு பக்கம் ‘தடை வந்தால் தொழிலே படுத்துவிடும்’ என்றது. மறுபக்கம் ‘ஒரு பைசாகூட நஷ்டமில்லை’ என்றது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அந்தக் கடை உண்மையில் எதை விற்கிறது என்பதைப் பொறுத்துத்தான் விடை மாறுகிறது. சாப்பாட்டை விற்பவர்கள் தப்பித்தார்கள், சிலர் லாபமும் பார்த்தார்கள். வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்கும் நேரத்தையே காசாக்குபவர்கள்தான் அடிவாங்கினார்கள்.

சண்டையின் ஆரம்பத்தைப் பார்க்க 1987க்குப் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ் நகர்மன்றம் அந்த ஆண்டு உணவகங்களில் புகைக்கத் தடை போட்டது. உடனே ஓர் உணவக உரிமையாளர் சங்கம் முளைத்து, வியாபாரம் 30% விழுந்துவிட்டது என்று கூப்பாடு போட்டது. சில மாதங்களிலேயே நகர்மன்றம் பின்வாங்கி விதியைத் தளர்த்தியது. பிறகு விற்பனை வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தால் அப்படி ஒரு சரிவே அதில் இல்லை. சில ஆண்டுகள் கழித்து அந்தச் சங்கத்தின் தலைவராக இருந்தவரே, தடைக்கு முன்னால் அப்படியொரு சங்கமே கிடையாது, பின்னாலிருந்து ஏற்பாடு செய்தது புகையிலைத் தொழில்தான் என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் ‘30%’ ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது. எந்த நகரம் தடை பற்றிப் பேசினாலும் அந்த எண் அங்கே ஆஜர்.

இந்த மாதிரி எண்கள் எப்படிப் பிறக்கின்றன? பெரும்பாலும் முதலாளிகளிடம் கேட்டுத்தான். ‘உங்கள் வியாபாரம் குறைந்ததா?’ என்று கேட்டால், குறையும் என்று ஏற்கெனவே பயந்துகொண்டிருக்கும் மனிதர் என்ன சொல்வார்? மந்தமான செவ்வாய்க்கிழமை நினைவில் நிற்கும், நிரம்பி வழிந்த சனிக்கிழமை மறந்துபோகும். பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை, நினைவு அப்படித்தான் வேலை செய்யும். வரிக் கணக்குக்கு அந்தச் சங்கடம் இல்லை. குறைவாகக் காட்டினால் லாபம் என்ற ஆசை அங்கேயும் உண்டுதான், ஆனால் அந்த ஆசை தடைக்கு முன்னும் பின்னும் ஒரே அளவில்தான் இருக்கும்.

2003இல் ஒரு ஆய்வுக் குழு அதுவரை வந்திருந்த 97 ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோட்டது. புகையிலைத் தொழிலின் ஆதரவோடு நடந்தவற்றில் 94% ‘நஷ்டம்’ என்றன. அந்த ஆதரவு இல்லாமல் நடந்தவற்றில் ஒன்றுகூட அப்படிச் சொல்லவில்லை. நஷ்டம் என்று சொன்னவை பெரும்பாலும் யூகத்தையும் கருத்துக்கணிப்பையும் நம்பியிருந்தன, சக ஆய்வாளர்களின் சரிபார்ப்புக்கும் போகவில்லை. 2009இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையும் இதே திசையில்தான் முடிவு சொன்னது: உணவகம், பார் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தடையால் வியாபாரம் குறைவதில்லை.

‘சேர்த்துப் பார்த்தால்’ என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது.

நியூயார்க்கைப் பாருங்கள். மேயர் மைக்கேல் புளூம்பெர்க் 2003 மார்ச் 30 அன்று பார்களையும் தடைக்குள் கொண்டுவந்தார். ஓர் ஆண்டு கழித்து நகர நிர்வாகம் வெளியிட்ட அறிக்கை, உணவகங்களிலிருந்தும் பார்களிலிருந்தும் வந்த வரி வருமானம் 8.7% கூடியது, வேலைவாய்ப்பு 10,600 அதிகரித்தது என்றது. உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்ட எண்கள் இவை. ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்ட முந்தைய ஆண்டு எப்படிப்பட்டது? 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நகரமே சோர்ந்து கிடந்த காலம் அது. பள்ளத்திலிருந்து ஏறுபவனைப் பார்த்து ‘என்ன வேகம்!’ என்பது போலத்தான் இது. அதோடு, பெரிய உணவகமும் நாலு ஸ்டூல் போட்ட பாரும் ஒரே கணக்கில் கலந்திருந்தன. உணவகங்கள் எண்ணிக்கையிலும் வருமானத்திலும் பலமடங்கு பெரியவை என்பதால், பார்கள் கொஞ்சம் சறுக்கியிருந்தாலும் அந்தக் கூட்டுத்தொகையில் தெரியாது. தடைக்கு எதிரான எண்ணைச் சந்தேகித்த அதே கண்ணோடு ஆதரவான எண்ணையும் பார்க்க வேண்டும் அல்லவா?

இரண்டையும் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்களும் உண்டு. அமெரிக்காவின் மாவட்டவாரி வேலைவாய்ப்புக் கணக்கை எடுத்து, தடை வந்த இடங்களையும் வராத இடங்களையும் ஒப்பிட்டார்கள் ஸ்காட் ஆடம்ஸ், சாட் காட்டி என்ற இரண்டு பொருளியலாளர்கள். 2007இல் வெளியான அவர்களின் ஆய்வில் உணவக வேலைவாய்ப்பு மொத்தத்தில் அசையவில்லை, பார்களில் குறைந்தது. புகைப்பவர்கள் அதிகமுள்ள பகுதிகளில் அந்தக் குறைவு அதிகம். வானிலைக்கும் பங்கிருந்தது. வெளியே உட்கார இதமாக இருக்கும் இடத்திலும் காலத்திலும் தடை அவ்வளவாக உறைக்கவில்லை.

சரி, உணவகம் ஏன் தப்பித்தது? சாப்பாட்டு மேசையில் நடப்பதைப் பார்த்தால் தெரியும். சாப்பிட்டு முடித்தவர் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு இன்னொரு காபியோடு முக்கால் மணி நேரம் சாய்ந்திருப்பார். அந்த முக்கால் மணி நேரத்தில் அவர் செலவழிப்பது ஒரு காபிக்கான காசு. அவர் எழுந்தால் அந்த மேசைக்கு வாசலில் நிற்கும் அடுத்த குடும்பம் வரும், முழுச் சாப்பாடு போகும். உணவகத்துக்கு மேசை சுழல்வதுதான் லாபம். சிகரெட் அந்தச் சுழற்சியைத் தாமதப்படுத்தியது. தடை அதை அவிழ்த்துவிட்டது. முன்பு புகைக்குப் பயந்து குழந்தைகளோடு வராமல் இருந்தவர்களும் வரத் தொடங்கினார்கள்.

பாரில் கதை தலைகீழ். அங்கே ஒரு சிகரெட் இன்னொரு கோப்பையைக் கூட்டிக்கொண்டு வரும். உட்கார்ந்திருக்கும் நேரம் நீள நீள பில்லும் நீளும்.

ஆனாலும் பார்க்காரர்கள் பயந்த அளவுக்கு எங்கும் நடக்கவில்லை. அதற்குக் காரணம் ‘எல்லோருக்கும் ஒரே நாளில்’ என்பது. நான்கு நண்பர்கள் மாலையில் எங்கே போகலாம் என்று யோசிக்கிறார்கள், அவர்களில் ஒருவர் புகைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாரில் மட்டும் தடை இருந்தால் ‘அங்கே வேண்டாம்பா’ என்று அந்த ஒருவர் சொல்வார், மற்ற மூன்று பேரும் கூடவே போவார்கள். ஆக, தானாக முன்வந்து தடை போட்ட கடை ஒரு வாடிக்கையாளரை இழப்பதில்லை, நான்கு பேரையும் சேர்த்து இழக்கிறது. ஊர் முழுக்கத் தடை வந்துவிட்டால் அந்த ஒருவரின் மறுப்புக்கு மதிப்பில்லை, போவதற்கு வேறு இடமும் இல்லை. நால்வரும் பழைய இடத்துக்கே வருவார்கள், ஒருவர் அவ்வப்போது வாசலுக்குப் போய்வருவார்.

இதைத் தன் காசில் கற்றுக்கொண்டது பிரிட்டனின் வெதர்ஸ்பூன் பப் நிறுவனம். சட்டம் வருவதற்கு முன்பே தன் பப்கள் எல்லாவற்றிலும் தடை கொண்டுவரப் போவதாக 2005இல் அறிவித்து, சில கிளைகளில் தொடங்கியும் பார்த்தது. அங்கே சாப்பாட்டு விற்பனை கூடியது, பார் விற்பனை விழுந்தது. மற்ற கிளைகளில் செய்வதை நிறுத்தி வைத்துவிட்டுச் சட்டத்துக்காகக் காத்திருந்தது. ஸ்பெயின் இன்னும் தெளிவான பாடம். 2006 சட்டம் 100 சதுர மீட்டருக்குக் குறைவான பார்களுக்கு ‘நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்’ என்று விட்டது. ஏறக்குறைய எல்லோரும் புகைக்க அனுமதிப்பதையே தேர்ந்தெடுத்தார்கள். புகை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று இதற்குப் பொருளில்லை. முதல் ஆளாகக் கை வைக்க யாருக்கும் துணிவில்லை. 2011 ஜனவரி 2 அன்று முழுத்தடை வந்தபோதுதான் அந்த முடிச்சு அவிழ்ந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளில் மாட்டிக்கொண்டவர்கள் பெரிய இடம் வைத்திருந்தவர்கள். தனிப் பகுதி ஒதுக்கினால் புகைக்கலாம் என்று சட்டம் சொன்னதை நம்பி, கண்ணாடித் தடுப்பு, தனிக் காற்றோட்டம் என்று செலவு செய்தார்கள். 2011இல் அந்தக் கண்ணாடி வெறும் கண்ணாடியாகிவிட்டது. ஆஸ்திரியாவிலும் இதே கதைதான். பல ஆண்டுகள் தடுப்புச் சுவர் எழுப்பச் சொல்லி, பிறகு முழுத்தடை என்று அறிவித்து, அந்தத் தடையை 2018இல் புதிய அரசு ரத்து செய்து, கடைசியில் 2019 நவம்பர் 1 அன்று முழுத்தடை வந்தே சேர்ந்தது. நெதர்லாந்தில் உச்ச நீதிமன்றம் 2019இல் தனிப் புகை அறைகளையும் மூடச் சொன்னது. தடை தொழிலைக் கெடுக்கிறது என்பார்கள். அரைகுறைத் தடையும் அடிக்கடி மாறும் விதியும் அதைவிட அதிகப் பணத்தைச் சுவரில் புதைத்திருக்கின்றன என்பதே என் கணிப்பு.

அரைகுறைத் தடையின் அநியாயத்தை நீதிமன்றமே பேசியதும் உண்டு. ஜெர்மனியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பல இடங்களில் தனி அறை ஒதுக்கினால் புகைக்கலாம். இரண்டு அறை உள்ளவருக்குச் சரி, ஒரே அறையில் கடை நடத்துபவர் அறைக்கு எங்கே போவார்? மூலையில் இருக்கும் ஒற்றை அறை மதுக்கடைக்கு வருவதே புகைக்கிற நிரந்தர வாடிக்கையாளர்கள்தான். அவர்கள் இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெரிய கடையின் புகை அறைக்குப் போய்விட்டார்கள். 2008 ஜூலை 30 அன்று கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் இது தொழில் செய்யும் உரிமையைச் சமமில்லாமல் பாதிக்கிறது என்று தீர்ப்பளித்தது. ஒன்று, யாருக்கும் விலக்கில்லாமல் முழுத்தடை போடுங்கள், இல்லையென்றால் 75 சதுர மீட்டருக்குக் குறைந்த ஒற்றை அறைக் கடைகளுக்கும் விலக்கு கொடுங்கள் என்பது அதன் சாரம். பவேரியா மாநில மக்கள் 2010 வாக்கெடுப்பில் முதல் வழியைத் தேர்ந்தார்கள், ஆதரவு 61%.

ஐரிஷ் பப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். 2004 மார்ச் 29 அன்று, மீஹால் மார்ட்டின் சுகாதார அமைச்சராக இருந்தபோது, நாடு முழுவதற்குமாகப் பணியிடங்களில் புகைக்கத் தடை விதித்த முதல் நாடானது அயர்லாந்து. அதற்குப் பிறகு பப் விற்பனை குறைந்ததா? குறைந்தது. ஆனால் அதற்கு முன்பே 2002 முதல் குறைந்துகொண்டுதான் இருந்தது. பப்பில் பீர் விலை ஏறியது, கடையில் வாங்கி வீட்டில் குடிப்பது மலிவானது, குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவர்கள் மீது பிடி இறுகியது. சரிந்துகொண்டிருக்கும் கோட்டில் ஓர் இடத்தில் ‘தடை’ என்று எழுதிவிட்டு, அதற்குப் பிந்தைய சரிவையெல்லாம் அதன் கணக்கில் எழுதுவது எளிது.

இங்கிலாந்துக் கணக்கு அதைவிடச் சிக்கல். 2009 முதல் பாதியில் பிரிட்டனில் வாரத்துக்கு 52 பப்கள் மூடப்பட்டன என்று பீர், பப் தொழில் சங்கம் சொன்னது. தடை வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் 2008இல் வங்கிகள் கவிழ்ந்தன. அதே ஆண்டிலிருந்து பீர் வரி விலைவாசியை முந்திக்கொண்டு ஏறத் தொடங்கியது. சூப்பர்மார்க்கெட்டில் பீர் தண்ணீர் விலைக்குக் கிடைத்தது. பிங்கோ மண்டபங்களுக்கும் அப்படித்தான்: தடை வந்து இரண்டே மாதத்தில், 2007 செப்டம்பர் 1 அன்று, நடைமுறைக்கு வந்த புதிய சூதாட்டச் சட்டத்தால் லாபம் கொழித்த ஒருவகை இயந்திரங்களை அகற்ற வேண்டியதாயிற்று. ஒரே ஆளை மூன்று பேர் அடித்தால் எந்த அடி வலித்தது என்று சொல்வது கஷ்டம்.

ஆனாலும் பப்களுக்குள் யார் விழுந்தார்கள் என்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. சமையலறை உள்ளவை நின்றன. பீரை மட்டும் நம்பியவை, அதிலும் பின்பக்கம் முற்றமில்லாதவை, முதலில் சரிந்தன. முற்றம் என்பது திடீரென்று பொன்னாகிவிட்டது. அதுவரை காலிப் பீப்பாய்களை அடுக்கிவைத்த கொல்லைப்புறத்தில் பெஞ்சு போட்டு, கூரை வேய்ந்து, எரிவாயு வெப்பமூட்டி வைத்தார்கள். கூரையிலும் கணக்கு உண்டு: இங்கிலாந்து விதிப்படி, கூரை போட்ட இடத்தில் சுவர்ப் பரப்பில் குறைந்தது பாதியாவது திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவும் உள்ளரங்கமாகிவிடும். அதனால் மழைக்கு ஒதுங்கலாம், குளிருக்கு ஒதுங்க முடியாது. பிரான்ஸில் 2008 தடைக்குப் பிறகு நடைபாதை இருக்கைகள் பெருகின, அவற்றுக்கு மேல் வெப்பமூட்டிகளும் பெருகின. தெருவைச் சூடாக்க எரிபொருள் வீணாக்குகிறோம் என்று 2022இல் அவற்றுக்கும் தடை வந்தது. வாசலில் நின்று சத்தமாகப் பேசும் கூட்டத்தைப் பற்றி மாடி வீட்டுக்காரர்கள் கொடுத்த புகார்கள் தனிக்கதை.

இனி கேசினோ. நஷ்டமே இல்லை என்ற வாதம் இங்கே வந்துதான் திணறுகிறது.

அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 2008 ஜனவரி 1 அன்று கேசினோக்களையும் சேர்த்துத் தடை போட்டது. மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில் இலினாயின் கேசினோ, பாலம் தாண்டினால் மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ். அங்கே இயந்திரத்தின் முன்னால் ஆஷ்ட்ரேயோடு உட்காரலாம். அந்த ஆண்டு பொருளாதார மந்தம் எல்லோரையும் தாக்கியது. அதனால் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் தாமஸ் காரெட், மைக்கேல் பாக்கோ இருவரும் அண்டை மாநிலங்களோடு ஒப்பிட்டு மந்தத்தின் பங்கைக் கழித்தார்கள். மிஞ்சியது: வருமானத்தில் 20%க்கு மேல், ஏறத்தாழ 40 கோடி டாலர் இழப்பு. வந்த ஆட்களின் எண்ணிக்கையில் விழுந்தது அதில் பாதியை ஒட்டித்தான். இந்த முடிவை மறுத்துப் பின்னால் வந்த ஆய்வுகளும் உண்டு, சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த இடைவெளி என்னை விடவில்லை. ஆட்கள் குறைந்ததைவிட வருமானம் இரண்டு மடங்கு குறைந்தது என்றால், வந்தவர்களும் முன்புபோல் ஆடவில்லை. பிங்கோ இடைவேளையில் நடந்ததேதான்.

கேசினோவில் சன்னல் இருக்காது, சுவர்க் கடிகாரம் இருக்காது. வெளியே இருட்டிவிட்டது என்பதே தெரியக் கூடாது. பானம் இருக்கைக்கே வரும். எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லாதபடி கட்டிய இடம் அது. புகைத்தடை அந்தக் காரணத்தைக் கொடுத்துவிடுகிறது. வாசலில் நின்று ஒரு சிகரெட்டை முடிக்கும் ஐந்து நிமிடத்தில் காற்று முகத்தில் படும், மணி பார்க்கத் தோன்றும், பர்ஸில் எவ்வளவு மிச்சம் என்று எண்ணத் தோன்றும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2002 செப்டம்பர் 1 முதல் காசு இயந்திரக் கூடங்களில் புகைக்கத் தடை. இயந்திரங்களில் மக்கள் தொலைக்கும் பணம் சுமார் 14% விழுந்தது, விழுந்தது மறுபடி ஏறவுமில்லை என்று பின்னால் வந்த ஓர் ஆய்வு கணித்தது.

இதை நஷ்டம் என்று எழுதுவதா? கூடம் நடத்துபவருக்கு நஷ்டம்தான். இயந்திர வருமானத்தில் பங்கு வாங்கும் அரசுக் கருவூலத்துக்கும் நஷ்டம். ஆனால் அந்த 14% எங்கும் ஆவியாகிவிடவில்லை, ஆடியவர்களின் பையில் தங்கியது. அது மளிகைக்கோ வாடகைக்கோ போயிருக்கும், அங்கே வேறொருவரின் வருமானமாகியிருக்கும். சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியவர்களில் புகைப்பவர்கள் மிக அதிகம் என்பதால், அதிகம் இழந்துகொண்டிருந்தவர்களிடம்தான் அந்தப் பணம் மிஞ்சியிருக்க வாய்ப்பு. ஒரு தொழிலின் வருமானம் குறைவதும் ஊரின் பொருளாதாரம் குறைவதும் வேறு வேறு என்பது பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயம். விவாதத்தில் மட்டும் அது யாருக்கும் நினைவு வருவதில்லை.

சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவ் போன்ற இடத்தில் ‘தடையா, வேறு ஏதாவதா’ என்ற கேள்விக்கே பதில் கிடைக்காது. 2014 அக்டோபரில் பொது ஆட்டக் கூடங்களில் தடை இறுகியது. 2015இல் கேசினோ வருமானம் 34% சரிந்தது. பார்த்தால் பயங்கரம். ஆனால் சீன அரசின் ஊழல் ஒழிப்பு நடவடிக்கை அப்போது உச்சத்தில் இருந்தது. தனி அறையில் கோடிகளை வைத்து ஆடும் பெரும்புள்ளிகள் தலைமறைவானது சிகரெட்டுக்காக அல்ல. ஜப்பான் இன்னும் துரதிர்ஷ்டம்: உணவகங்களிலும் பச்சின்கோ என்னும் இயந்திரச் சூதாட்டக் கூடங்களிலும் 2020 ஏப்ரல் 1 அன்று புதிய புகைத்தடைச் சட்டம் முழுமையாக அமலானது, ஒரு வாரத்தில் கொரோனாவுக்காக அவசர நிலை. அந்த ஆண்டின் கல்லாக் கணக்கை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது.

எல்லைக்கு அந்தப் பக்கம் போவது பணத்தை மட்டும் கொண்டுபோகவில்லை. ஆடம்ஸும் காட்டியும் 2008இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பார்களுக்குத் தடை வந்த மாவட்டங்களில் மது தொடர்பான உயிர்ப்பலி விபத்துகள் சுமார் 13% கூடின என்று கணித்தார்கள். புகைக்க இடம் தேடி அடுத்த மாவட்டம் வரை வண்டியோட்டிப் போய், குடித்துவிட்டு அதே தூரம் திரும்பியதுதான் அவர்கள் சொன்ன காரணம். தடையின் பரப்பு சின்னதாக இருக்கும்வரைதான் இந்தத் தொல்லை. மாநிலம் முழுக்க, நாடு முழுக்க ஒரே விதி என்றால் எல்லையோரத்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு ஓட்டிப்போக இடமில்லை.

வருமானத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் செலவு மறந்துவிடும். புகை படிந்த சுவருக்கு அடிக்கடி சுண்ணாம்பு, பொத்தல் விழுந்த இருக்கைத் துணி, தரைவிரிப்பு, காற்றோட்டத்துக்கான மின்சாரம், தீ விபத்துப் பயம் எல்லாமே காசுதான். முதலாளிகள் கருத்துக்கணிப்பில் இதைச் சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. ஊழியர்களின் மூச்சும் இந்தப் பக்கத்தில்தான் வரும். கலிஃபோர்னியாவில் 1998 ஜனவரி 1 அன்று பார்களுக்குத் தடை வந்தபோது சான் ஃபிரான்சிஸ்கோவில் 53 பார் ஊழியர்களைத் தடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். முதலில் இருமல், இழுப்பு போன்ற தொந்தரவு இருந்தவர்களில் 59% பேருக்கு ஒன்றிரண்டு மாதங்களில் அது நின்றுவிட்டது. உடம்புக்கு முடியாமல் எடுக்கும் விடுப்பு, ஆள் மாறும் செலவு, இவை எந்த விற்பனை வரிக் கணக்கிலும் தெரியாது.

இந்தக் கோணத்திலிருந்து பார்த்தால்தான் அமெரிக்காவின் சூதாட்ட நகரமான அட்லாண்டிக் சிட்டி புரியும். நியூ ஜெர்சி மாநிலம் 2006இல் தடை கொண்டுவந்தபோது கேசினோ தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. நகர நிர்வாகம் 2008 அக்டோபரில் அந்த விலக்கையும் எடுத்துப் பார்த்தது. பொருளாதாரம் இடிந்து விழுந்துகொண்டிருந்த மாதம் அது. ஏறக்குறைய ஒரு மாதம்தான் தாங்கியது, புகைக்கத் தனிப்பகுதி மறுபடி வந்துவிட்டது. தளத்தில் கால்பங்கு இடத்தில் புகைக்கலாம் என்ற ஏற்பாட்டை எதிர்த்து 2024இல் கேசினோ ஊழியர்கள் தரப்பு நீதிமன்றம் போனது. தடை வந்தால் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவுக்கு ஆட்டக்காரர்கள் போய்விடுவார்கள், வேலை போகும் என்பது நிறுவனங்களின் பதில். வழக்கை அந்த ஆண்டு ஆகஸ்டில் நீதிபதி தள்ளுபடி செய்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பென்சில்வேனியாவிலேயே பெரிய கேசினோக்களில் ஒன்றான பார்க்ஸ், கொரோனா மூடலுக்குப் பிறகு திறந்தபோது புகையைத் திரும்ப அனுமதிக்கவில்லை. சட்டம் அதைக் கேட்கவில்லை. லாஸ் வேகஸின் பிரதான வீதியில் பார்க் எம்ஜிஎம் விடுதியும் 2020 செப்டம்பர் 30 அன்று திறந்தபோது முழுக்கப் புகையில்லாததாகத்தான் திறந்தது. 2005இல் வெதர்ஸ்பூன் தனியாகச் செய்து பார்த்துப் பின்வாங்கியதை இவர்கள் தனியாகவே செய்துகொண்டிருக்கிறார்கள். இடையில் மாறியது கூட்டம். 1965இல் அமெரிக்கப் பெரியவர்களில் 42% பேர் புகைத்தார்கள், 2021இல் 11.5%. நான்கு பேர் சேர்ந்து கிளம்பினால், ‘அங்கே வேண்டாம்பா’ என்று சொல்ல அந்த நால்வரில் பெரும்பாலும் இப்போது ஆளே இல்லை.